டிப் பெட்டியில் வைத்த பொட்டு

இல்லைங்க, நான் யாரிடமும் சட்டென்று பேசுகிற ஆள் இல்லை. உங்கள் மடியில் இருக்கிற கவரில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து முத்திரை இருந்தது, அதனால்தான் கேட்டேன். இல்லையென்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்திருப்பேன். என் வீட்டுக்காரர் சொல்வார், "ஒனக்கு வாய் இருக்கான்னு ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டணும்டி" என்று. அப்படிப்பட்ட ஆள்.

ரயில்வே கேட் போட்டுவிட்டான். இனி கால் மணி நேரம் பஸ் நகராது. கூட்ஸ் வண்டி என்றால் அரை மணி. பாப்பா தூங்கிவிட்டாள், கால் மட்டும் உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். உதைத்தால் சொல்லுங்கள்.

ஆமாம், அங்கேதான் வேலை. நாலு வருஷமாகிறது. பாத்திரம் கழுவுகிறேன். சோற்றுப் பாத்திரம் இல்லை, கண்ணாடிக் குடுவை, சோதனைக் குழாய், அந்தப் பாத்திரம். கழுவினதைப் பெரிய ஸ்டீம் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். தரை துடைக்க வேண்டும். அப்புறம் டிப் அடுக்க வேண்டும். டிப் என்றால், சொட்டுச் சொட்டாக மருந்து எடுக்கிற பைப்பெட்டின் முனையில் மாட்டுவார்களே, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கூம்பு, அதுதான். மூட்டையாக வரும். ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி நிறுத்துவது என் வேலை. ஒரு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், படித்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றேன்.

அங்கே பெனிலா மேடம் என்று ஒருவர் இருந்தார். மார்த்தாண்டம் பக்கம். ஆராய்ச்சிப் படிப்பு. என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் அவர் என்னை "எக்கா" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். அங்கே அப்படித்தான், துடைப்பத்தைப் பிடித்தால் வயது கூடிவிடும்.

நல்ல பெண். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீம் அடுப்புப் பக்கம் என்னோடு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காதவளிடம்தான் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அப்படித்தான் ஒரு நாள் ஆரம்பித்தார்.

"எக்கா, கிருமிக்கும் சீக்கு வரும், தெரியுமா?"

"கிருமியாலதான மேடம் நமக்குச் சீக்கு வருது?"

"அதுக்கும் ஒரு எதிரி உண்டு. வைரஸ். உள்ள புகுந்து குட்டி போட்டுப் போட்டு கிருமியவே வெடிக்க வச்சிரும்."

எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. நம்மைப் படுத்துகிறதைப் படுத்தவும் ஒன்று இருக்கிறது.

"அதனால கிருமி என்ன செய்யும்னா, முன்னால வந்த வைரஸோட அடையாளத்த ஒரு சீட்டுல எழுதி வச்சிக்கிடும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அதைக் கையில பிடிச்சிட்டு ஒரு காவக்காரன் நிப்பான். அவன் இடுப்புல ஒரு கத்தரிக்கோல் தூங்கிட்டுக் கிடக்கும். மறுபடி வைரஸ் வந்தா அதுட்டயும் ஒரு சீட்டு இருக்கும்லா? ரெண்டு சீட்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்திட்டுன்னா, கத்தரிக்கோல் முழிச்சிக்கிடும்."

"முழிச்சு அந்த வைரஸ வெட்டும்."

"அதான் இல்ல. திருடனோட சீட்டக் காவக்காரனே கிழிச்சிருவான். கத்தரிக்கோல் வெட்டுறது சொந்த வீட்டுச் சாமான். கிருமியோட புரதம் ஒண்ணு. சீட்டு கிழிஞ்சு முடிஞ்சதும் கத்தரிக்கோல் திரும்பத் தூங்கிரும்."

"திருடன் வந்தா வீட்டுப் பாத்திரத்த ஏன் மேடம் ஒடைக்கணும்?"

"சத்தம் கேட்டு வீடே முழிக்கணும்லா! அப்படித்தான் இருக்கும்னு நாங்க நெனைக்கோம்."

எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. என் மாமியாருக்கு எதிர்வீட்டுக்காரி மேல் கோபம் வந்தால் எங்கள் வீட்டு டம்ளரைத்தான் எறிவார். தெருவே முழித்துக்கொள்ளும்.

அந்தக் கத்தரிக்கோலைத்தான் பெனிலா மேடம் ஒரு குழாயில் போட்டு வேலை செய்ய வைக்க வேண்டும். கடைசியில் நீலச் சாயம் ஏற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். புரதம் முழுசாக இருந்தால் ஒரு கோடு. வெட்டுப்பட்டிருந்தால் இரண்டு கோடு. இரண்டு கோடு என்றால் நல்ல சேதி என்பதை எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? பாப்பா உண்டானபோது பாத்ரூமில் நின்று நானும் அதைத்தான் பார்த்தேன்.

அந்த இரண்டு கோடு தொடர்ந்து மூன்று தடவை வரவேண்டும். நடுவில் பொய்த்தால் முதலிலிருந்து. மார்ச் மாதம் பெரியவர்கள் ஐந்து பேர் வந்து உட்கார்ந்து கேட்பார்கள், அதற்குள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஐந்து வருஷப் படிப்பும் அவ்வளவுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் போகவேண்டியதுதான். செப்டம்பரில் இரண்டு தடவை வந்துவிட்டது. மேடம் லேப் முழுக்க ஜிலேபி கொடுத்தார். எல்லாருக்கும். நான் அப்போதே மனசுக்குள் நினைத்தேன், மூன்றாவதும் வந்தபிறகு கொடுத்திருக்கலாம் என்று. சொல்லவில்லை. நான்தான் பேசமாட்டேனே.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பெரிய சார் மகுடபதி சார் சாமி கும்பிடுகிறவர். சுழற்றுகிற மெஷின், குளிர்பெட்டி, தராசு, என் ஸ்டீம் அடுப்பு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி எல்லாம் செய்வோம். ஆனால் ஒரு அறைக்கு மட்டும் கிடையாது. அந்த ஆர்.என்.ஏ. அறை. "அங்க ஒண்ணும் வேணாம், பூட்டிடுங்க" என்று சார் சொல்லிவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள். வீடு முழுக்க வைத்துவிட்டு ஒரு அறையை மட்டும் விட்டால் அந்த அறைக்கு என்ன ஆகும்? அதுவும் ஜிலேபி கொடுத்த பிறகு?

அந்த அறைக்கு நிறையக் கட்டுப்பாடு. கதவில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். எனக்காக மேடமே தமிழிலும் எழுதி ஒட்டினார்: "கையுறை இல்லாமல் உள்ளே வரக்கூடாது." ஏன் என்றும் சொன்னார். "எக்கா, நம்ம கைத்தோல்ல, வேர்வையில ஒரு சாமானம் உண்டு. எல்லார் கையிலயும் உண்டு. அது இந்தச் சீட்டக் கண்டா அப்படியே தின்னுரும். அதைக் கொதிக்க வச்சாலும் சாவாது. கொஞ்சம் பட்டாப் போதும், சீட்டு போச்சு. சீட்டு இல்லன்னா கத்தரிக்கோல் தூங்கிட்டேதான் கிடக்கும்." நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். அன்றையிலிருந்து கையுறை இல்லாமல் அந்த அறையில் நான் கால் வைத்ததே இல்லை. பாப்பா மேல் சத்தியம்.

பொட்டு வைக்கிறபோது மட்டும் வலது கையில் கழற்றுவேன். கையுறையோடு யாராவது சாமி காரியம் செய்வார்களா?

ஆமாங்க, வைத்தேன். தரை துடைக்கிற சாவி என்னிடம்தானே இருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கு எல்லாரும் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் வைத்தேன். வெளியே தெரிகிற மாதிரி வைக்கவில்லை. மேடம் சர்ச்சுக்குப் போகிறவர், மனசு கஷ்டப்படக்கூடாது பாருங்கள். டிப் அடுக்குகிற தட்டைத் தூக்கினால் பெட்டியின் அடிப்பாகம் வரும். அங்கே ஒன்று. தண்ணீர்க் குப்பி என்று ஒன்று வைத்திருப்பார், எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீரைத்தான் விடுவார், அதன் மூடி ஆரஞ்சு நிறம். மூடிக்கு உள்பக்கம் கடுகளவு சந்தனம் வைத்தால் தெரியவே தெரியாது. அங்கே ஒன்று. மோதிர விரலால்தான். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான்.

அடுத்த வாரம் மேடம் மூன்றாவது தடவை செய்தார். ஒரு கோடு.

பார்த்தீர்களா? ஜிலேபி. நான் சொல்லவில்லை?

அப்போதே முடிவு செய்துவிட்டேன், ஒரு நாள் பொட்டு போதாது, திருஷ்டி பலமாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் வைக்க வேண்டும் என்று. வைத்தேன். மேடம் திரும்பச் செய்தார். ஒரு கோடு. தண்ணீரை மாற்றினார். நான் புதுக் குப்பிக்கும் வைத்தேன். பழைய டிப் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினார். புதுசுக்குத்தான் கண் அதிகம் படும், அதற்கு இரண்டாக வைத்தேன். ஒரு கோடு. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டார். வாயில் துணி கட்டிக்கொண்டார். மூச்சுக்கூட பயந்து பயந்து விட்டார். ஒரு கோடு.

டிசம்பரில் ஒரு நாள் மகுடபதி சார் எல்லார் முன்னாலும் சொல்கிறார், "கோளாறு சாமான்ல இல்லம்மா. ஒன் கைலதான் இருக்கு. கை சுத்தமில்ல. இத்தன வருஷம் நான் பாக்காத ஆர்.என்.ஏ.வா?" என்று. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. கையைச் சொல்கிறார் பாருங்கள்! அந்தக் கையைப் போல ஒரு சுத்தம் உண்டா? சாரும் அந்தக் கத்தரிக்கோல் மாதிரிதான். திருடனை விட்டுவிட்டு வீட்டு ஆளை வெட்டுவார். நான் அவருக்கு நேராகப் போய், "சார், இது நியாயமில்ல" என்று... சொல்லவில்லை. நினைத்தேன்.

மேடம் நேரே ஸ்டீம் அடுப்புப் பக்கம் வந்தார். அது ஓடுகிறபோது பெரிய சத்தம் வரும், அழுதால் வெளியே கேட்காது. அழுதார். நான் பக்கத்தில் நின்று குடுவை துடைத்துக்கொண்டிருந்தேன். "ஊருக்குப் போயிரலாம்னு இருக்குக்கா" என்றார். அப்பா ரப்பர் வெட்டுகிறவராம். "மக டாக்டர் ஆவப்போறான்னு சர்ச்சுல எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்காரு. ஊசி போடாத டாக்டர்னு சொன்னாலும் அவருக்கு வெளங்காது. நான் போய் என்னத்தச் சொல்ல?"

அந்த வெள்ளிக்கிழமை பைப்பெட்டின் கைப்பிடியிலும் ஒன்று வைத்தேன். விரல் மடங்குகிற இடத்தில்.

ஜனவரி கடைசியில் பாப்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை கட்டி வீட்டோடு இருந்தேன், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மேடமே புதுப் பெட்டியும் புதுத் தண்ணீரும் பிரித்து, மேடமே டிப் அடுக்கி, மேடமே தரை துடைத்து, மேடமே வேலை செய்தாராம். திரும்பி வருகிறேன், வாசலிலேயே ஓடி வருகிறார். "எக்கா! ரெண்டு கோடு! ரெண்டு தடவ!" நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பின்னே? பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றினபோது மாரியம்மனிடம் மேடத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டினேன். வந்த கையோடு வெள்ளிக்கிழமை மறக்காமல் வைத்தேன். இன்னும் ஒரு தடவைதானே? இந்தத் தடவை விட்டுவிடக்கூடாது என்று பெட்டி பெட்டியாக வைத்தேன்.

ஒரு கோடு.

மாரியம்மனையே தாண்டி வருகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்கும்!

இந்தத் தடவை மேடம் அழவில்லை. அறை நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏசி மாற்றினதா என்று கேட்டார். இல்லை. தரை துடைக்கிற மருந்து மாற்றினதா என்று கேட்டார். இல்லை. "அந்த மூணு வாரத்துல என்ன வித்தியாசம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் ஒரு டிப் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, தட்டைப் பிடித்து மேலே தூக்கினார்.

அடியில் பழசும் புதுசுமாகப் பொட்டு. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம், ஸ்டீமில் கொஞ்சம் கசிந்து, ஆனால் லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்த பெட்டி. அடுத்த பெட்டி. குப்பியின் மூடி. எனக்கு ஒரே பயம். வேதக்காரப் பெண், கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று. சாரிடம் சொன்னால் வேலை போய்விடும், பாப்பாவுக்கு அங்கே காப்பகம் இருக்கிறது, அதுவும் போய்விடும்.

"எக்கா," என்றார். "எத்தன வெள்ளிக்கெழம?"

நான் வெள்ளிக்கிழமை என்று சொல்லவே இல்லை, அவரே கண்டுபிடித்தார் பாருங்கள், படிப்பு என்றால் படிப்பு. "ஆயுத பூஜையிலேருந்து மேடம். பதினாறு. அம்மை வந்தப்ப மட்டும்தான் விட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்க."

"கைல கையுறை?"

"சேச்சே, கழட்டிட்டுத்தான் மேடம்."

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மகுடபதி சார் கதவைத் திறக்கிறார். "என்ன? என்னாச்சு இங்க?"

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மேடம் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் என் பாப்பாவின் செருப்பு கிடந்தது, காப்பகம் அன்றைக்கு லீவு, அதையும் பார்த்தார். டப்பென்று தட்டைத் திரும்ப வைத்துப் பெட்டியை மூடினார்.

"ஒண்ணுமில்ல சார். தண்ணியிலதான் கோளாறு இருந்திருக்கு. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"அதத்தான் அப்பவே சொன்னேன்" என்றார் சார். அவர் எப்போது சொன்னார்? கை என்றல்லவா சொன்னார்? நான் கேட்கவில்லை.

சார் போனபிறகு மேடம் என் கையைப் பிடித்து, மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எக்கா, இனிமே இந்த அறையில எதுலயும் வைக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"வேற எங்க மேடம் வைக்கிறது? வைக்காம விட முடியாதே."

மேடம் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இங்க வைங்க. வெள்ளிக்கெழம தோறும் வைங்க. நானே வந்து நிக்குதேன்."

"ஐயோ மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"கர்த்தருட்ட நான் பேசிக்கிடுதேன். அவருக்கு வெளங்கும்."

பொட்டே வைக்காத நெற்றிங்க. அப்படியே குனிந்து நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வைத்தேன்.

அந்த அறையில் இருந்த பெட்டி, குப்பி, பைப்பெட்டு எல்லாவற்றையும் அன்றைக்கே வெளியேற்றினார், புதுசு கொண்டுவந்தார். பத்தே நாள். ரெண்டு கோடு. ரெண்டு கோடு. ரெண்டு கோடு. மூன்றும் வரிசையாக. மார்ச்சில் பெரியவர்கள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், கை தட்டினார்கள். அன்றைக்கும் மேடம் நெற்றியில் பொட்டு. அவர் அப்பா வந்திருந்தார். மகளின் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கும்பிட்டார். இப்போது மேடம் ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே யார் வைத்துவிடுகிறார்களோ.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டுங்க. யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுதின பெரிய புத்தகத்தில் முதல் பக்கம் நன்றிப் பக்கம். சார் பேர், அப்பா பேர், ஏசி மெக்கானிக் பேர்கூட இருக்கிறது. என் பேரும் இருக்கிறது. எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: "என் நெற்றியில் பொட்டு வைத்த மேகலா அக்காவுக்கு." நெற்றியில் நான் வைத்தது என்ன, மூன்று நாலு வாரம். பெட்டியில் பதினாறு வாரம் வைத்தேனே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா? பதினாறு வெள்ளிக்கிழமைப் பலனும் சேர்ந்துதானே கடைசியில் ஒன்றாகப் பலித்தது? படித்தவர்கள், எதனால் எது வந்தது என்று அவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை.

கேட் திறந்துவிட்டான்.

நீங்கள் எந்த சாரிடம் சேரப்போகிறீர்கள்? யார், மகுடபதி சாரிடமா? அப்படியானால் நம் லேப்பா! பெனிலா மேடம் மேசை காலியாகத்தான் இருக்கிறது, அந்தக் கத்தரிக்கோல் வேலையைத் தொடர ஆள் வருகிறது என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள்தானா? எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீங்கள் ஒன்றும் கவலைப்படாதீர்கள். சத்தியம் பெனிலா மேடத்துக்குத்தான் பண்ணினேன், அவர் பெட்டியோடு அது சரி. உங்கள் பெட்டி புதுப் பெட்டி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. இதோ, சந்தனம் பையிலேயே இருக்கிறது.

என்னங்க, ஏன் குனிகிறீர்கள்? தலை சுற்றுகிறதா?

நெற்றியிலா? இப்பவேவா? பஸ்ஸிலா? எல்லாரும் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, சரி. கையை விடுங்கள், வைக்கிறேன். கொஞ்சம் மெதுவாகத் திரும்புங்கள், பாப்பா முழித்துக்கொள்வாள்.